எங்கள் குடியிருப்புத் தெருவில் தனியார் பள்ளிக் கட்டடம்: எதை எதிர்ப்பது, எப்படி எதிர்ப்பது?

கேள்வி
பதிவிட்டவர்: ஏரிக்கரைத் தெருவாசி

வணக்கம். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள், 1980களில் மனைப்பிரிவாகப் போடப்பட்ட ஒரு குடியிருப்பில் வசிக்கிறோம். எங்கள் தெருவின் அகலம் பத்திரத்தில் 24 அடி என்று இருந்தாலும், மின்கம்பங்களும் மழைநீர் வடிகாலின் மேடும் வாசல்களில் நிற்கும் வண்டிகளும் போக, எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால் ஒன்று பின்னால் நகர்ந்துதான் வழிவிட வேண்டும். தெருக்கோடியில் நெடுநாள் காலியாகக் கிடந்த ஒன்பது கிரவுண்டு நிலத்தை ஒரு கல்வி அறக்கட்டளை வாங்கி, தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட பள்ளிக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டத் தொடங்கியிருக்கிறது. எத்தனை மாணவர்கள், எத்தனை பேருந்துகள், வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டால், எல்லா அனுமதியும் இருக்கிறது என்பதற்கு மேல் மேற்பார்வையாளர் எதுவும் சொல்வதில்லை. திட்ட அனுமதி எண்ணைக் குறிக்கும் பலகையும் அங்கே வைக்கப்படவில்லை.

நெரிசலைவிட எங்களை அதிகம் கலங்கடிப்பது தண்ணீர். மனையில் லாரி லாரியாக மண் கொட்டித் தெரு மட்டத்துக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிக் கிடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அப்போது எங்கள் தெருத் தண்ணீர் வடிந்தது அந்தக் காலிமனை வழியாகத்தான். மனையின் பின்புறம் ஒரு வாய்க்கால் ஓடியதாகவும், அது ஏரியிலிருந்து வந்ததாகவும் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

குடியிருப்போர் நலச்சங்கத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. பள்ளியே வேண்டாம் என்று பதாகை கட்டி மறியல் செய்யலாம் என்கிறது ஒரு சாரார். நம் பேரப்பிள்ளைகளும் படிக்கத்தானே போகிறார்கள், பள்ளியை எதிர்ப்பது பாவம் என்கிறது மறு சாரார். அனுமதி தருமுன் எங்களைக் கேட்டிருக்க வேண்டாமா? இப்போது நாங்கள் எங்கே, எதைக் கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்போம்.

பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

குடியிருப்பு மண்டலம் என்ற ஒரே காரணத்தை வைத்துப் பள்ளியைத் தடுக்க முடியாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். வீடுகள் இருக்கும் இடத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் நகரமைப்பின் அடிப்படை எண்ணம். ஆகவே "பள்ளி வேண்டாம்" என்ற பதாகையோடு போனால் அலுவலகத்தில் உங்கள் மனு முதல் மேசையிலேயே நின்றுவிடும். "இந்த மனைக்கும் இந்தத் தெருவுக்கும் இந்த அளவுக் கட்டடம் விதிப்படி பொருந்துகிறதா" என்று கேட்டால், அதற்கு அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

அனுமதி தருமுன் அண்டை வீட்டாரைக் கேட்கும் கட்டாயம் நம் நடைமுறையில் இல்லை. நில வகைப்பாட்டை மாற்றும்போதுதான் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கிறார்கள். சாதாரணத் திட்ட அனுமதியில் விண்ணப்பதாரரும் அலுவலகமும் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். என் பணிக்காலம் முழுவதும் என்னை உறுத்திய குறை இது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அடித்தளம் தோண்டும் சத்தம் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிகிறது.

உங்களுக்கு இப்போது தேவை ஆவணங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த திட்டங்களின் விவரம் அதன் இணையதளத்திலேயே வெளியிடப்படுகிறது. அங்கே முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சி.எம்.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். நகல் கேட்பதோடு நிறுத்தாமல் கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. 30 நாள்களில் பதில் வர வேண்டும். "மூன்றாம் தரப்பினரின் தகவல்" என்று மறுத்தால் தயங்காமல் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பள்ளி என்பது பொதுமக்கள் கூடும் கட்டடம் என்பதையும் அதன் வரைபடத்தில் பொதுநலன் அடங்கியிருக்கிறது என்பதையும் அதில் வலியுறுத்துங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் நான்கு இடங்களில் கண்ணை ஓட்டுங்கள்: தெருவின் அகலம் எவ்வளவு என்று காட்டியிருக்கிறார்கள், கட்டடத்தின் பயன்பாடு என்னவென்று எழுதியிருக்கிறார்கள், வாகன நிறுத்துமிடம் எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பயன்பாடு, உயரம், தளப்பரப்பு ஆகியவற்றுக்கு ஏற்பத் தெருவின் குறைந்தபட்ச அகலத்தை நிர்ணயிக்கின்றன. மனைக்கு எதிரே மட்டும் அகலமாக இருக்கும் தெருவை முழு நீளத்துக்கும் அதே அகலம் என்று காட்டிய வரைபடங்கள் என் மேசைக்கே வந்திருக்கின்றன. நீங்களே நாடா பிடித்துத் தெருமுனை, நடுப்பகுதி, மனை வாசல் ஆகிய இடங்களில் அளந்து, புகைப்படத்தோடு மனுவில் இணைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெட்ரிகுலேஷன் பள்ளிகளுக்கு நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்ட நில அளவு மாநகராட்சியில் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. அந்த அளவுகோலின்படி, நகராட்சியாக இருந்த காலத்தில் உங்கள் ஒன்பது கிரவுண்டு மனை ஒரு பள்ளிக்குப் போதாது. மாநகராட்சியான பிறகு தாராளமாகப் போதும். தெரு அதே 24 அடிதான், ஊரின் தகுதிதான் மாறியது. சுற்றியிருந்த பேரூராட்சிகளும் நகராட்சிகளும் இணைக்கப்பட்ட இடங்களில் எல்லாம் இதுதான் நிலைமை. அதுமட்டுமல்ல, ஒன்பது கிரவுண்டு என்பது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளுக்குத்தான் பத்து சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு பொருந்தும் என்பதால், அந்தக் கடமையும் இங்கே எழாது. குழந்தைகள் ஓடியாடும் இடமும் பேருந்து திரும்பும் இடமும் ஒரே துண்டு நிலத்துக்காகப் போட்டி போடும். அந்தப் போட்டியில் ஒன்று தெருவுக்குத் தள்ளப்படும். அது எப்போதும் பேருந்தாகத்தான் இருக்கும்.

வாய்க்கால் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை எளிதாக விட்டுவிடாதீர்கள். வருவாய்த் துறையின் புல வரைபடத்தையும், ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று பதிந்திருக்கும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு சிறு துண்டு இருந்தாலும் உங்கள் மனுவின் கனமே வேறு.

பதில் 2
பதிவிட்டவர்: வழக்கறிஞர், சென்னை

மேலே உள்ள பதிலோடு சட்டத்தின் பக்கத்தைச் சேர்க்கிறேன். அனுமதியே இல்லாமல் பணி நடந்தால், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்கீழ் பணியை நிறுத்தவும், 56ஆம் பிரிவின்கீழ் அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்ற உத்தரவிடவும் திட்ட அதிகார அமைப்புக்கு அதிகாரம் உண்டு. அனுமதி இருந்து அதை மீறிக் கட்டினாலும் இவையே பொருந்தும். முதலில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, தேதியும் ஒப்புகையும் உள்ள மனுவைக் கொடுங்கள். மனு கொடுத்தும் அசையவில்லை என்றால்தான் அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர்நீதிமன்றத்தை அணுக வலுவான அடித்தளம் கிடைக்கும்.

"தெருவாசிகளுக்கு வழக்குத் தொடர என்ன உரிமை" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கான பதில் 1991இலேயே வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற தீர்ப்பை உச்சநீதிமன்றம் வழங்கியது. அந்த வட்டாரத்தில் வசிப்பவர்கள் வழக்குத் தொடரலாம் என்று ஏற்றதோடு, மருத்துவமனையும் மக்களுக்குப் பயன்படும் என்ற வாதத்தை வைத்துப் பூங்காவை இல்லாமல் செய்ய முடியாது என்றும் அது கூறியது. உங்கள் மனைப்பிரிவின் மூல வரைபடத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அந்த ஒன்பது கிரவுண்டு பூங்காவுக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கப்பட்டதாக இருந்தால், விவாதம் முற்றிலும் வேறு தளத்துக்குப் போய்விடும். பள்ளிக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள் என்றால் உங்கள் தரப்பு அந்த அளவுக்குப் பலவீனப்படும். அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பலகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதற்கும் பிறப்பித்த வழிகாட்டுதல்களில், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைத் தளத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக்கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. இந்த இரண்டையும் மனுவில் மேற்கோள் காட்டுங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி பற்றிச் சிலர் கேட்கக்கூடும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடப் பரப்புக்குத்தான் அது தேவை. பள்ளி, கல்லூரிகளுக்குத் தரப்பட்ட விலக்கை 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது உண்மையே என்றாலும், ஒன்பது கிரவுண்டில் அந்தக் கேள்வியே எழாது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

காலத்தைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கட்டடம் எழும்பி, சேர்க்கை முடிந்து, பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்த பிறகு, மாணவர்களின் எதிர்காலம் என்ற ஒரே வாதம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். திட்ட அனுமதி இல்லாத பள்ளிக் கட்டடங்களுக்குத் தற்காலிக அங்கீகாரம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அடித்தளம் தோண்டும் இந்த நேரத்தில் கேட்கும் கேள்விக்கு இருக்கும் மதிப்பு அடுத்த ஜூன் மாதத்தில் இருக்காது.

பதில் 3
பதிவிட்டவர்: பள்ளி ஆசிரியை

இங்கே பேசப்படுவது அனைத்தும் சரியே. ஆனால் பள்ளியை ஒரு தொல்லையாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. உங்கள் குடியிருப்பை அடுத்து இருக்கும் சிறு வீடுகளின் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளி நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். சங்கக் கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்தீர்களா என்று அறிய விரும்புகிறேன். தனி வீட்டுக்காரர்கள் மட்டும் கூடி எடுக்கும் முடிவைத் தெருவின் முடிவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மாநகராட்சிப் பகுதிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்க முடியாது என்பதும் ஒரு தெருவுக்குச் சிறிய நன்மை அன்று.

அதே சமயம், குறுகிய தெருவில் பள்ளி என்றால் என் நெஞ்சு பதறுவது கும்பகோணத்தை நினைத்துத்தான். 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகளை அடைத்து, கூரைக்கொட்டகையின் அடியில் பிள்ளைகளை உட்கார வைத்ததன் விலை அது. அதன் பிறகு கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றை எல்லாப் பள்ளிகளிடமும் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கினார்கள். உங்கள் தெருவில் தீயணைப்பு வண்டி நுழைந்து திரும்ப முடியுமா என்பதைத் தீயணைப்புத் துறையிடம் எழுத்துமூலம் கேளுங்கள். இந்தக் கேள்வியை எழுப்பும்போது நீங்கள் பள்ளிக்கு எதிராக நிற்கவில்லை. அங்கே படிக்கப்போகும் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறீர்கள். கட்டட உரிமத்தை 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டத்தின்கீழ் வட்டாட்சியர் வழங்குவதால், மனுவின் ஒரு படியை அவருக்கும் அனுப்புங்கள்.

காலை நெரிசலைப் பொறுத்தவரை, நான் பணியாற்றிய பள்ளிகளில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தெருவை அடைப்பது பெரும்பாலும் பேருந்து அன்று, ஒரே ஒரு பிள்ளையை இறக்கிவிட வரும் கார்தான். மழலையர் வகுப்புக்கும் மேல்வகுப்புக்கும் அரை மணி இடைவெளி விட்டு, கார்களைப் பிரதான சாலையிலேயே நிறுத்தி, அங்கிருந்து ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவந்தால் நெரிசலில் பெரும்பகுதி குறைந்துவிடும். கட்டடம் முடிந்த பிறகு எந்த நிர்வாகமும் இதைத் தானாகச் செய்வதில்லை. இப்போதே எழுதி வாங்குங்கள்.

மறுமொழி
பதிவிட்டவர்: ஏரிக்கரைத் தெருவாசி

மூவருக்கும் நன்றி. அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஏரிக்கரையை ஒட்டியுள்ள வீடுகளில் இருப்பவர்களைச் சங்கம் இதுவரை அழைக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைப்பது என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். தகவல் உரிமை விண்ணப்பங்களும் தயாராகின்றன. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வந்து, எல்லாவற்றையும் செய்து தருகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதை எப்படிக் கட்டுப்படுத்துவது? மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனால் யார் கேட்பது?

பதில் 4
பதிவிட்டவர்: கலிபோர்னியா வாசகர்

இந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்று உதவக்கூடும். பாலோ ஆல்டோ நகரில் 1907இல் தொடங்கப்பட்ட காஸ்டிலேயா என்ற தனியார் பெண்கள் பள்ளி, முழுக்க வீடுகள் சூழ்ந்த தெருக்களுக்கு நடுவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நகராட்சி அதற்கு வழங்கிய அனுமதியில் மாணவியர் எண்ணிக்கை 415ஐத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை இருந்தது. அந்த வரம்பு மீறப்பட்டது தெரியவந்ததும் நகராட்சி அபராதம் விதித்தது. பிறகு எண்ணிக்கையை 540ஆக உயர்த்திப் புதிய கட்டடமும் நிலத்தடி வாகன நிறுத்துமிடமும் கட்டப் பள்ளி விண்ணப்பித்தபோது, அண்டை வீட்டாரின் எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. நிலத்தடி நிறுத்துமிடம் வந்தால் இன்னும் அதிகமான கார்களை அழைத்துவரும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். தெருவில் நிற்கும் கார்களை அதுதான் உள்ளே கொண்டுபோகும் என்பது பள்ளியின் வாதம். வாசல்களில் ஆதரவுப் பலகையும் எதிர்ப்புப் பலகையும் அடுத்தடுத்து நின்ற காலம் அது. 2022இல் நகர மன்றம் ஒப்புதல் தந்தது.

அந்த ஒப்புதலின் வடிவத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 540 என்ற எண் ஒரேயடியாகக் கிடைத்துவிடவில்லை. பள்ளிக்கு வந்துபோகும் வாகனங்களின் எண்ணிக்கையைக் கணக்கெடுத்து, அது கூடவில்லை என்று காட்டினால்தான் மாணவியரைப் படிப்படியாகச் சேர்க்கலாம். அதாவது, கட்டுப்பாடு செங்கல்லின் மேல் இல்லை, வண்டியின் மேல் இருக்கிறது. அதை மீறினால் சேர்க்கை நின்றுவிடும். அங்கே பொது விசாரணைகள் நடந்து, தெருவாசிகள் ஒலிவாங்கியின் முன் நின்று பேசி, ஒவ்வொரு நிபந்தனையும் எழுத்தில் ஏறியதால் இது முடிந்தது. நம் ஊரில் அந்த மேடை இல்லை என்று முதல் பதிலில் படித்தேன். ஆனாலும், மாணவர் எண்ணிக்கை இவ்வளவு, காலையில் தெருவுக்குள் வரும் வாகனம் இவ்வளவு என்று எண்ணாகக் கேட்பதில் எந்தத் தடையும் இல்லை. "நெரிசல் ஏற்படாமல் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாக்கியத்தை யாராலும் அளக்க முடியாது.

பதில் 5
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

கலிபோர்னியா அன்பர் சொன்னதை நம் நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. நிர்வாகத்தோடு தனியே ஒப்பந்தம் போடுவதைவிட, நீங்கள் கேட்பவற்றைத் திட்ட அனுமதியின் நிபந்தனைகளாகவோ, பள்ளிக் கல்வித் துறை அங்கீகாரம் வழங்கும்போது கவனிக்க வேண்டிய ஆட்சேபணைகளாகவோ பதிவு செய்யுங்கள். தொடக்க அங்கீகாரமும் அதன் புதுப்பித்தலும் கோப்பு மீண்டும் திறக்கும் தருணங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் உங்கள் மனு ஒப்புகையோடு இருந்தால், ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அதை நினைவூட்டலாம். நிர்வாகம் பேச வந்தால் அவசியம் பேசுங்கள். பேசியதைக் கூட்டக் குறிப்பாக எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு, அதன் படியை மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் அனுப்பிவிடுங்கள்.

மண் உயர்த்தியதைப் பற்றி முதலில் எழுத மறந்துவிட்டேன். தெரு மட்டத்துக்கும் மனை மட்டத்துக்கும் இப்போது உள்ள வேறுபாட்டை, தரைத்தளம் போடுவதற்கு முன்பே, உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளந்து சான்று வாங்குங்கள். பள்ளியின் கூரைத் தண்ணீரும் திடல் தண்ணீரும் அவர்கள் மனைக்குள்ளேயே உறிஞ்சுகுழிகளில் இறங்க வேண்டும் என்றும், தெரு வடிகாலின் கொள்ளளவை மாநகராட்சிப் பொறியாளர் பார்வையிட்டு எழுதித் தர வேண்டும் என்றும் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அந்தப் பார்வையிடல் நடந்தாக வேண்டும். மற்ற எல்லாக் கோரிக்கைகளையும்விட இதை மனுவின் முதல் பத்தியில் வையுங்கள்.